காரைக்குடியில் டயாலிசிஸ், மதுரையில் பட்டியல்: கிட்னி மாற்றில் நம் பக்கத்துக்காரர்கள் பிந்துவது எங்கே?

தேவகோட்டையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய வீட்டுக்காரருக்கு வயது 44. 14 மாதமாகக் காரைக்குடியில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகிறது. வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் சென்னையில் இருக்கிறார். அவருக்கும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான் கிட்னி செயலிழந்தது. அவருக்கு மூளைச்சாவு அடைந்த ஒருவரின் கிட்னி கிடைத்து, இப்போது வேலைக்கே போய்வருகிறார். "எங்களுக்கு இதுவரை ஒரு போன்கூட வரவில்லை. சென்னைக்காரர்களுக்குத்தான் முதலில் கொடுப்பார்களா? வீட்டைக் காலி செய்துகொண்டு நாங்களும் சென்னைக்கே போய்விடலாமா?" இதுதான் கேள்வி.

போக வேண்டாம். கிட்னிக்குக் காத்திருப்போர் பட்டியலில் சென்னைக்காரர், தேவகோட்டைக்காரர் என்று பார்த்து முன்னே பின்னே வைக்கும் வழக்கம் கிடையாது. ஆனால் நம் பக்கத்து ஆட்கள் பிந்திப் போகிறார்கள் என்ற உங்கள் சந்தேகம் சரியானதுதான். 20 வருடத்துக்கு மேல் டயாலிசிஸ் டெக்னீஷியனாக வேலை பார்த்தேன். பாதிக் காலம் மதுரையில், மீதிக் காலம் காரைக்குடிப் பக்கத்தில். இரண்டு இடத்தையும் பார்த்ததால் அந்த வித்தியாசம் எங்கே விழுகிறது என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் கேள்வியைப் படித்தபோது ஒரு விஷயத்தைத் தேடினேன், அது அதில் இல்லை. எந்த மருத்துவமனையில் பெயர் பதிந்தீர்கள்? எந்தத் தேதியில்? டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டால் பெயர் தானாகவே பட்டியலுக்குப் போய்விடும் என்றுதான் நம் ஊரில் பாதிப்பேர் நினைக்கிறார்கள். போகாது. டயாலிசிஸ் ஆரம்பித்த நாள் வேறு, பட்டியலில் பெயர் ஏறிய நாள் வேறு. கிட்னி மாற்று செய்யும் உரிமம் உள்ள ஒரு மருத்துவமனைக்கு நீங்கள் நேரில் போக வேண்டும். எல்லாச் சோதனையும் முடித்து, "இவருக்கு ஆபரேஷன் செய்யலாம்" என்று அந்த டாக்டர்கள் சொன்ன பிறகு, அந்த மருத்துவமனைதான் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில், அதாவது டிரான்ஸ்டானில், பெயரை ஏற்றும். ரத்த குரூப்பும் பதிந்த தேதியும் அதன் பிறகுதான் பேச ஆரம்பிக்கும்.

இப்போது சென்னைத் தம்பியின் கதையை நினைத்துப் பாருங்கள். அவர் டயாலிசிஸ் செய்துகொண்டது பெரும்பாலும் கிட்னி மாற்றும் நடக்கிற ஒரு பெரிய மருத்துவமனையாக இருந்திருக்கும். டயாலிசிஸ் கீழ்த்தளத்தில் என்றால், கிட்னி மாற்றுக்கான பதிவு வேலைகளைப் பார்க்கும் கோஆர்டினேட்டரின் அறை மேல்தளத்தில். முதல் மாதமே டாக்டர் "மேலே போய் ஒரு பைல் போட்டுவிடுங்கள்" என்று சொல்லியிருப்பார். அந்த ஒரு வாக்கியம்தான் உங்கள் வீட்டுக்காரருக்குக் கிடைக்காமல் போயிருக்கிறது.

நம் பக்கத்து யூனிட்டுகள் அப்படி இல்லை. நான்கைந்து மெஷின், இரண்டு மூன்று ஷிப்ட். கிட்னி டாக்டர் வெளியூரிலிருந்து வாரம் ஒரு நாள் வருவார், ஒரு மணி நேரத்தில் 25 பேரைப் பார்ப்பார். மூச்சு வாங்குகிறதா, எடை எவ்வளவு ஏறியிருக்கிறது, ஊசி போட்டாயிற்றா என்று கேட்பதற்குள் நேரம் போய்விடும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில், நாலு வருடம் எங்களிடம் வந்துகொண்டிருந்த ஒரு பெரியவர் ஒருநாள் என்னிடம், "தம்பி, எனக்கெல்லாம் கிட்னி மாத்த முடியாதாமா?" என்று கேட்டார். நாலு வருடத்தில் எங்களில் ஒருவரும் அவரிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. டாக்டர் சொல்லியிருப்பார் என்று நாங்கள் நினைத்தோம். தகுதி இல்லாததால்தான் யாரும் சொல்லவில்லை என்று அவர் நினைத்திருக்கிறார். அதற்குள் அவருடைய இதயம் பலவீனமாகிவிட்டது. அது இன்றைக்கும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

இது நம் ஊருக்கு மட்டுமான குறை இல்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட டயாலிசிஸ் மையங்களை எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வந்தது. டயாலிசிஸ் ஆரம்பித்த ஒரு வருடத்துக்குள் எத்தனை பேரை மாற்று சிகிச்சைக்கு அனுப்பிவைத்தார்கள் என்று கணக்கெடுத்தார்கள். சில மையங்களில் ஒருவர்கூட இல்லை, சில மையங்களில் நாலில் மூன்று பேர். ஒரே மாநிலம், ஒரே சட்டம், ஒரே அரசுக் காப்பீடு. எந்த மையத்துக் கட்டிலில் படுத்தார் என்பதே ஒருவரின் வழியைத் தீர்மானித்தது. அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பெரியவர்தான் நினைவுக்கு வந்தார்.

அடுத்து, கிட்னி எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் இறந்தவர்களின் உறுப்பைப் பெற்றுப் பட்டியல்படி கொடுக்கும் இந்த ஏற்பாடு 2008இல் தொடங்கியது. அதே வருடம் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தபோதுதான் ஊர் உலகத்துக்கு இது தெரிந்தது. இன்றைக்கு இறந்தவர் தானத்தில் முன்னணியில் நிற்கிற மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 2024இல் இங்கே 268 குடும்பங்கள் உறுப்பு கொடுத்தன. ஆளுக்கு இரண்டு கிட்னி என்று வைத்தாலும் ஐந்நூற்றுச் சொச்சம்தான். காத்திருப்பவர்களோ ஆயிரக்கணக்கில். வட இந்தியாவில் பல மாநிலங்களில் இந்த அளவுகூடக் கிடையாது. நாடு முழுவதும் 2023இல் 13,000க்கு மேல் கிட்னி மாற்று நடந்திருக்கிறது, ஆனால் இறந்தபின் உறுப்பு தந்தவர்கள் 1,100 பேர்கூட இல்லை. மற்றதெல்லாம் உயிரோடு இருக்கும் சொந்தக்காரர்கள் கொடுத்தது.

மூளைச்சாவு என்று உறுதி செய்ய வென்டிலேட்டர் உள்ள தீவிர சிகிச்சைப் பிரிவு வேண்டும், நாலு டாக்டர்கள் கொண்ட குழு வேண்டும். குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும். இந்த வசதியெல்லாம் பெரிய ஊர்களில்தான் இருக்கிறது. திருச்சி–ராமநாதபுரம் சாலையில் அடிபட்ட பையனைக்கூடக் கடைசியில் மதுரைக்கோ திருச்சிக்கோதான் கொண்டுபோகிறார்கள். ஒரு மருத்துவமனையில் தானம் கிடைத்தால் ஒரு கிட்னி பொதுவாக அங்கேயே பதிந்திருப்பவருக்கும், மற்றது பொதுப் பட்டியலுக்கும் போகும். பொதுப் பட்டியலிலும் முதலில் அந்த மண்டலத்துக்குள் பார்ப்பார்கள். ஆகவே எந்த மருத்துவமனையில் பதிகிறோம் என்பதில் வித்தியாசம் உண்டு. தானம் அடிக்கடி நடக்கிற மருத்துவமனையில் வரிசை வேகமாக நகரும். பதியும் முன் "போன வருடம் இங்கே இறந்தவர் தானத்தில் எத்தனை கிட்னி வைத்தீர்கள், என் குரூப்பில் எனக்கு முன்னால் எத்தனை பேர்?" என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. ஓ குரூப் என்றால் காத்திருப்பு நீளும், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். சென்னைத் தம்பிக்குச் சீக்கிரம் கிடைத்ததற்கு அவருடைய குரூப்பும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி, சென்னையா மதுரையா? காரைக்குடியிலிருந்து மதுரையும் திருச்சியும் ஏறக்குறைய ஒரே தூரம், 90 கிலோமீட்டர், காரில் இரண்டு மணி நேரம். சென்னை 400 கிலோமீட்டருக்கு மேல். விடிகாலைப் பல்லவன் ரயிலைப் பிடித்தாலும் எழும்பூர் போய்ச் சேர மதியம் ஆகும். எடுத்த கிட்னியை ஐஸில் ஒரு நாள் அளவுக்கு வைத்திருக்கலாம் என்றாலும், சீக்கிரம் வைக்க வைக்கத்தான் அது நன்றாக வேலை செய்யும். கூப்பிட்டால் மூன்று நான்கு மணி நேரத்தில் வந்து நிற்பவரைத்தான் எந்த டாக்டரும் விரும்புவார். ஆபரேஷன் முடிந்த பிறகும் முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு தடவைகூட ரத்தம் பார்க்க வரச் சொல்வார்கள். அதனால் சிவகங்கை மாவட்டத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு மதுரை, பொன்னமராவதி, திருமயம், ராயவரம் என்று புதுக்கோட்டை மாவட்டத்துப் பக்கம் இருப்பவர்களுக்குத் திருச்சி என்பதுதான் என் கருத்து. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலேயே கிட்னி மாற்று நடக்கிறது. அரசு மருத்துவமனை என்று யோசிக்காதீர்கள். அங்கே செய்துகொண்டவர்களுக்கு வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மாத்திரையும் அங்கேயே இலவசமாகக் கிடைக்கிறது. சென்னையில் வாடகை கொடுத்து, தெரியாத ஊரில் டயாலிசிஸுக்குப் புது இடம் தேடி, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை மாற்றி நீங்கள் படப்போகும் சிரமத்துக்கு அங்கே தனிப் பலன் இல்லை.

நம் ஆட்கள் அதிகம் விழுவது சோதனைக் கட்டத்தில்தான். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல நினைக்கிறேன். எக்கோ, சில சமயம் ஆஞ்சியோ, நெஞ்சு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், மஞ்சள் காமாலை வைரஸ்கள், எச்ஐவி, காசநோய், பல் டாக்டர், சிறுநீர்ப்பை டாக்டர், மனநல டாக்டர், திசுப் பொருத்தம் பார்க்கும் எச்எல்ஏ ரத்தப் பரிசோதனை என்று நீண்டுகொண்டே போகும். மதுரைக்குள் இருப்பவர் பஸ் ஏறி ஒரு சோதனையை முடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். தேவகோட்டைக்காரருக்கு ஒவ்வொன்றும் ஒரு முழு நாள். திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ் என்றால் செவ்வாய், வியாழன், சனிதான் மிச்சம். டயாலிசிஸ் முடிந்த மறுநாள் உடம்பு அடித்துப்போட்ட மாதிரி கிடக்கும். கூட வருகிறவருக்கு அன்றைக்குச் சம்பளம் போகும். இரண்டு சோதனை முடித்து மூன்றாவதுக்குப் போவதற்குள் சித்திரைத் திருவிழா வரும், பிள்ளைக்குப் பரீட்சை வரும். அதற்குள் முதலில் எடுத்த ரிப்போர்ட் பழசாகிவிட்டது, திரும்ப எடு என்பார்கள். மஞ்சள் பையில் ஸ்கேன் படங்களோடு எட்டு மாதம் அலைந்துவிட்டு, "போதும் தம்பி, இதுவே ஓடட்டும்" என்று என் கண் முன்னால் விட்டவர்களை என்னால் எண்ணிச் சொல்ல முடியாது.

இதற்கு ஒரு வழி சொல்கிறேன். ஒவ்வொன்றாகப் போகாதீர்கள். கோஆர்டினேட்டரிடம் முழுப் பட்டியலையும் முதல் நாளே எழுதி வாங்குங்கள். அதில் எவற்றைக் காரைக்குடியிலோ சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ எடுத்தால் ஒத்துக்கொள்வார்கள் என்று கேட்டு, பக்கத்தில் டிக் போட்டு வாங்குங்கள். பல்லும் எக்ஸ்ரேயும் ஸ்கேனும் பெரும்பாலும் இங்கேயே முடியும். மிச்சத்துக்கு அங்கேயே நாலைந்து நாள் உள்நோயாளியாகச் சேர்த்துக்கொண்டு, டயாலிசிஸையும் அங்கேயே செய்து, ஒரே வாரத்தில் முடித்துத் தருகிற மருத்துவமனைகள் உண்டு. கேட்டால்தான் செய்வார்கள். ரயிலில் போனால் டயாலிசிஸுக்கும் கிட்னி மாற்றுக்கும் போகிற நோயாளிக்கும் கூட வருபவருக்கும் கட்டணச் சலுகை இருக்கிறது. மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் டயாலிசிஸ் கட்டிலிலேயே பார்க்க வேண்டியது. ஹீமோகுளோபின் குறைந்தால் உடனே "ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றிவிடலாம்" என்பார்கள். அவசரமில்லாவிட்டால் ரத்தம் ஊற உதவும் எரித்ரோபாய்டின் ஊசியும் இரும்புச்சத்து ஊசியும் போதுமா என்று கேளுங்கள். அடுத்தவர் ரத்தம் ஏற ஏற, அந்நியத் திசுவை எதிர்க்கும் ஆன்டிபாடிகள் உடம்பில் வளரும். பிறகு கிட்னி கிடைத்தாலும், அதை உங்கள் ரத்தம் எதிர்க்குமா என்று பார்க்கும் கிராஸ் மேட்ச் சோதனை ஒத்துவராமல் போகலாம். பிள்ளை பெற்ற பெண்களுக்கு இந்த ஆன்டிபாடி ஏற்கனவே கொஞ்சம் இருக்க வாய்ப்புண்டு, அவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முழுதாகப் போட்டாயிற்றா என்றும் பாருங்கள்.

அப்புறம் அந்தப் போன். புதுவயல் பக்கத்து அரிசி மில் தொழிலாளி ஒருவர் எங்கள் யூனிட்டுக்கு வந்துகொண்டிருந்தார். கையில் பிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைப்பது) போட்ட இடத்தில் விரலை வைத்தால் பூனை உறுமுவது மாதிரி அதிரும், அவ்வளவு நல்ல பிஸ்டுலா. மதுரையில் பதிந்து நாலாவது வருடம். ஒரு ராத்திரி ஒன்றேகால் மணிக்குக் கோஆர்டினேட்டர் கூப்பிட்டிருக்கிறார். போன் சைலண்டில் கிடந்தது. இரண்டாவது நம்பர் மனைவியுடையது, ரீசார்ஜ் செய்யாமல் சிம் செத்துப்போயிருந்தது. வேறு நம்பர் கொடுத்திருக்கவில்லை. காலையில் மிஸ்டு கால் பார்த்துக் கூப்பிட்டபோது அடுத்தவருக்கு ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. அன்றைக்கு டயாலிசிஸுக்கு வந்து நாலு மணி நேரமும் சுவரைப் பார்த்துத் திரும்பியே படுத்திருந்தார்.

மறு வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிசெய்தோம். கோஆர்டினேட்டர் நம்பரைப் பெயரோடு பதிந்து, அதற்கு மட்டும் தனி ரிங்டோன். மூன்றாவது நம்பராக மில் வாட்ச்மேனுடைய நம்பர், ராத்திரி முழுக்க விழித்திருக்கிற மனிதர். காரைக்குடியில் ஒரு கார் டிரைவரிடம் முன்கூட்டியே பேசி வைத்தோம். பைல், காப்பீட்டு அட்டை, ஆதார், இரண்டு வேட்டி, கொஞ்சம் பணம் ஒரு பையில் கதவு பக்கத்திலேயே தொங்கியது. ஏழு மாதம் கழித்துத் திரும்பவும் ராத்திரியில்தான் கூப்பிட்டார்கள். வாட்ச்மேன்தான் போய்க் கதவைத் தட்டினார். விடிவதற்குள் மதுரையில் இருந்தார்கள். இன்றைக்கும் அந்த மில்லில் கணக்கு எழுதுகிறார்.

போன் வந்தால் அந்த நிமிடத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள். கடைசி டயாலிசிஸ் எப்போது, சளி காய்ச்சல் இருக்கிறதா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு கிட்னிக்கு இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டுக் கிராஸ் மேட்ச் பார்ப்பார்கள். போய்விட்டுச் சும்மா திரும்புவதும் நடக்கும். அதனால் வரிசையில் உங்கள் இடம் போய்விடாது.

பண விஷயம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கிட்னி மாற்றும் டயாலிசிஸும் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் விஏஓ சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் அட்டை கிடைக்கும். உங்களுக்குச் சிவகங்கை. தனியார் மருத்துவமனை என்றால், ஆபரேஷனுக்குப் பிறகு மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் எத்தனை மாதத்துக்கு இதில் அடங்கும் என்று முன்னாலேயே கேளுங்கள். கிட்னி வைத்த பிறகு மாத்திரை வாங்க முடியாமல் கிட்னியை இழப்பதைப் போல் ஒரு கொடுமை வேறில்லை.

பட்டியலில் காத்திருக்கும்போதே வீட்டில் யாராவது தர முடியுமா என்றும் பாருங்கள். அப்பா, அம்மா, அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, கணவன், மனைவி, பிள்ளைகள் சட்டப்படி நெருங்கிய உறவு. 2011 திருத்தத்தில் தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்தார்கள். குரூப் ஒத்துவராத இரண்டு குடும்பங்கள் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளவும் அதே திருத்தம் இடம் கொடுத்தது. ஒன்று மட்டும் மனது கேட்காமல் சொல்கிறேன். நம் வீடுகளில் இந்தப் பேச்சு வந்ததுமே எல்லார் கண்ணும் மனைவி பக்கமோ அம்மா பக்கமோதான் திரும்புகிறது. கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், வாங்கிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். உங்களுக்கு மனமும் உடம்பும் ஒத்துழைத்தால் கொடுங்கள், அது பெரிய காரியம். ஆனால் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கிற அண்ணன் தம்பிகளும் ரத்த குரூப் பார்த்துச் சொல்லட்டும். உங்களைத் தனியாக வைத்துத்தான் டாக்டர் கேட்பார். விருப்பமில்லை என்றால் அங்கேயே சொல்லலாம், காரணத்தை அவர் வீட்டில் சொல்ல மாட்டார்.

டயாலிசிஸ் யூனிட் வாசலில், டீக்கடையில், "ஆள் இருக்கு, இத்தனை லட்சம்" என்று யாராவது வந்து பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். விற்பது, வாங்குவது, தரகு பேசுவது மூன்றுமே குற்றம். பத்து வருடம் வரை சிறையும் ஒரு கோடி வரை அபராதமும் உண்டு. 2025இல் பள்ளிபாளையம் பக்கத்து விசைத்தறித் தொழிலாளர்கள் கடனுக்காகக் கிட்னியை விற்ற செய்தியைப் பார்த்திருப்பீர்கள். நம்மைப் போல ஒரு வீட்டின் கஷ்டம்தான் அதுவும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சில வார்த்தை. வீட்டில் பெரியவருக்கு 65 தாண்டிவிட்டது, பதிய மாட்டார்கள் என்று விட்டுவிடாதீர்கள். அந்த வயது வரம்பையும், அந்தந்த மாநிலத்தில் குடியிருந்தால்தான் பதியலாம் என்ற நிபந்தனையையும் 2023இல் எடுத்துவிட்டார்கள். உடம்பு தாங்குமா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்வார். பஸ் வசதி இல்லாத கிராமத்தில் இருந்துகொண்டு வாரம் மூன்று நாள் அலைய முடியாதவர்கள் வயிற்று வழி டயாலிசிஸ் பற்றிக் கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அதைச் செய்துகொண்டே கிட்னிக்கும் பதியலாம்.

சகோதரி, அடுத்த டயாலிசிஸ் அன்று உங்கள் யூனிட்டில் மூன்று மாத ரத்த ரிப்போர்ட்டோடு, "கிட்னி மாற்றுக்காக அனுப்புகிறோம்" என்று டாக்டர் கையெழுத்திட்ட ஒரு கடிதம் வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். கடிதம் கைக்கு வந்ததும் டயாலிசிஸ் இல்லாத முதல் நாளில் மதுரைக்குக் கிளம்புங்கள். வீட்டுக்காரரால் முடியாவிட்டால் முதல் தடவை நீங்கள் மட்டும்கூடப் பைலோடு போய்க் கோஆர்டினேட்டரைப் பார்க்கலாம். அவருடைய ரத்த குரூப்பையும், இதுவரை எத்தனை பாட்டில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள் என்பதையும் எனக்கு எழுதுங்கள். அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.